கட்டுரையின் விலாசம்: வாசகர் கேள்வி – பதில்

ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் தேடுவது, எடுப்பது, பகிர்வது, மேற்கோள் காட்டுவது பற்றி ரங்கூன், மோல்மீன், தட்டோன், பெகு, மாண்டலே வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சில கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காசநோய் மருந்தை நோயாளிகள் பாதியில் நிறுத்திவிடுவது பற்றிச் சிறிய ஆய்வு ஒன்று செய்கிறேன். எனக்குத் தேவையான கட்டுரையைத் திறந்தால் சுருக்கம் மட்டும்தான் வருகிறது. முழுக் கட்டுரைக்கு 39.95 டாலர் கேட்கிறார்கள். கட்டுவதற்குக் கார்டும் இல்லை, காசும் இல்லை. சட்டத்துக்கு உட்பட்டு வேறு வழி உண்டா?
— நர்சிங் மாணவி, மோல்மீன்

பதில்: உண்டு அம்மா. ஒரே கட்டுரை பல இடங்களில் இருக்கும். பதிப்பகத்தின் தளம் அவற்றில் ஒன்றுதான். அங்கே பூட்டு தொங்கினால் மற்ற இடங்களைப் பாருங்கள்.

முதலில் கட்டுரைத் தலைப்பை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். வலப்பக்கத்தில் பிடிஎஃப் என்று லிங்க் இருந்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் அந்தப் பதிவின் அடியில் ‘ஆல் 7 வெர்ஷன்ஸ்’ என்பது போல ஒரு வரி இருக்கும், அதைத் தட்டுங்கள். பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஆசிரியரே போட்டு வைத்த பிரதி பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். பலர் இந்த வரியைக் கவனிப்பதே இல்லை.

கம்ப்யூட்டரில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் அன்பேவால் என்ற இலவச நீட்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பூட்டிய கட்டுரையின் பக்கத்தைத் திறந்ததும் ஓரத்தில் ஒரு பூட்டுப் படம் வரும். பச்சையாக இருந்தால் எங்கோ சட்டப்படியான இலவசப் பிரதி இருக்கிறது. தட்டினால் அங்கே போய்விடும். சாம்பல் நிறமாக இருந்தால் அதற்குத் தெரிந்த இடங்களில் இல்லை.

உங்கள் துறைக்கு மிகவும் உதவும் இடம் பப்மெட் சென்ட்ரல். 2000-இல் தொடங்கிய இலவசக் களஞ்சியம் இது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வுகளின் கட்டுரைகள் 2008 முதல் இங்கே வந்தாக வேண்டும். முன்பு வெளியாகி 12 மாதம் வரை தள்ளிப்போட அனுமதி இருந்தது. 2025 ஜூலையிலிருந்து அந்தக் காத்திருப்பும் இல்லை. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் சுருக்கம் படிக்கும்போது ‘ஃப்ரீ பிஎம்சி ஆர்ட்டிக்கிள்’ என்ற குறி தெரிகிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டா குறைவாக இருந்தால் பிடிஎஃப் எடுக்காமல் அங்கேயே பக்கமாகப் படியுங்கள். எழுத்து முதலில் வந்துவிடும், படங்கள் பின்னால் வரும். கரண்ட் போகும் நேரத்தில் பாதி இறங்கிய பிடிஎஃப் திறக்காது. பாதி வந்த பக்கத்தையாவது படிக்கலாம்.

அடுத்தது ரிசர்ச்ஃபோர்லைஃப். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கட்டண இதழ்களை ஏழை நாட்டு நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் திட்டம் இது, நம் நாட்டுக்கு இருக்கும் பெரிய சலுகை. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் ஹினாரி என்ற பெயரில் மருத்துவ இதழ்களுக்காகத் தொடங்கியது. பிறகு விவசாயத்துக்கு அகோரா, சுற்றுச்சூழலுக்கு ஓஏஆர்ஈ, தொழில்நுட்பத்துக்கு ஆர்டி, சட்டத்துக்கு கோலி என்று சேர்ந்துகொண்டன. நாடுகளை ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு பிரிவாக வைத்திருக்கிறார்கள். மியான்மர் ‘ஏ’ பிரிவு. பதிவு செய்த நிறுவனத்துக்குக் கட்டணம் கிடையாது. தனி ஆளாகச் சேர முடியாது. கல்லூரி, மருத்துவமனை, அரசு அலுவலகம், தொண்டு நிறுவனம் என்று ஏதாவது ஒன்று பதிவு செய்திருக்க வேண்டும். ஆகவே முதலில் உங்கள் கல்லூரி நூலகரிடம் ‘ஹினாரி பாஸ்வேர்டு இருக்கிறதா’ என்று கேளுங்கள். அந்தப் பெயரில் கேட்டால்தான் பலருக்குப் புரியும்.

பாஸ்வேர்டு கிடைத்தும் திறக்கவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ரிசர்ச்ஃபோர்லைஃபில் உள்ளே நுழைந்துவிட்டு, வேறொரு டேபில் கூகுள் வழியாகப் பதிப்பகத் தளத்துக்குப் போவார்கள். பதிப்பகத்துக்கு நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பதுதான் கணக்கு. போர்ட்டலுக்குள்ளேயே இதழின் பெயரைத் தேடி, அங்கிருக்கும் லிங்க் வழியாகப் போனால்தான் பூட்டு திறக்கும். இன்னொன்று: பாஸ்வேர்டை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள், ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் இறக்காதீர்கள். அப்படிச் செய்தால் ஒருவருக்கு மட்டும் போகாது, நிறுவனம் முழுவதற்கும் அனுமதியை நிறுத்திவிடுவார்கள்.

இவை எதிலும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதுங்கள். கட்டுரையின் முதல் பக்கத்தில் கடித உறைப் படம் போட்ட பெயரின் மின்னஞ்சல்தான் தொடர்பு முகவரி. பொருள் வரியில் கட்டுரைத் தலைப்பை அப்படியே எழுதுங்கள். உள்ளே நாலு வரி போதும்: நீங்கள் யார், என்ன ஆய்வு, எங்கள் நூலகத்தில் இந்த இதழ் இல்லை, உங்கள் கடைசிக் கையெழுத்துப் பிரதி இருந்தாலும் போதும். அந்தக் கடைசி வரி முக்கியம். அச்சுப் பிரதியை அனுப்பத் தயங்குகிறவர்கள்கூடத் தங்கள் சொந்தப் பிரதியைத் தந்துவிடுவார்கள். மருத்துவக் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் மாணவர். படிப்பு முடிந்து போயிருப்பார். பதில் வராவிட்டால் கடைசிப் பெயருக்கு அனுப்புங்கள், அவர்தான் ஆய்வுக்குழுவின் தலைவராக இருப்பார். ஒரு வாரம் பொறுத்து ஒரு முறை நினைவூட்டலாம்.

கேள்வி: ‘சை-ஹப்’ பற்றி ஏன் எழுதுவதில்லை? எல்லாரும் அதைத்தானே பயன்படுத்துகிறார்கள்?
— வாசகர், ரங்கூன்

பதில்: 2011-இல் தொடங்கிய அந்தத் தளம் பதிப்புரிமையை மீறித்தான் கட்டுரைகளைத் தருகிறது. 2017-இல் எல்செவியர் பதிப்பகத்துக்கு 15 மில்லியன் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதற்கு நாங்கள் வழி காட்டுவதில்லை. ஏழை நாட்டு மாணவர்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மேலே அவ்வளவு நீளமாக எழுதினோம். எங்கிருந்து படித்தாலும் துணைநூல் பட்டியலில் மூலக் கட்டுரையின் டிஓஐ என்ற அடையாள எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: டிஓஐ என்கிறார்களே, அதற்கும் சாதாரண லிங்குக்கும் என்ன வித்தியாசம்? பட்டியலிலிருந்து காப்பி செய்து போட்டால் ‘கிடைக்கவில்லை’ என்றே வருகிறது.
— பி.எஸ்சி. மாணவர், மாண்டலே

பதில்: லிங்க் என்பது வீட்டு முகவரி போல, வீடு மாறினால் பழைய முகவரியால் பயனில்லை. டிஓஐ கட்டுரைக்கே கொடுத்த எண். பதிப்பகம் கைமாறினாலும் தளம் மாறினாலும் எண் மாறாது. புதிய இடத்தை உரியவர்கள் பதிந்து வைப்பார்கள்.

ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம்: 10.1000/182. இது டிஓஐ கையேட்டுக்கே உரிய டிஓஐ. எல்லா டிஓஐயும் 10 என்றுதான் தொடங்கும். புள்ளிக்குப் பிறகு வரும் 1000 பதிந்தவரின் எண். சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் 182 அந்த ஆவணத்துக்கு அவர் வைத்த அடையாளம். பின்பகுதியில் எழுத்து, கோடு, அடைப்புக்குறி எதுவும் வரலாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. டிஓஐ.ஆர்க் என்ற முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு இதை ஒட்டினால் திறக்கும்.

இப்போது உங்கள் சிக்கல். பட்டியலில் வாக்கியம் முடிந்ததற்காக வைத்த முற்றுப்புள்ளியும் சேர்ந்து காப்பியாகியிருக்கும். பத்தில் பாதி இதுதான், அதை அழித்துப் பாருங்கள். அடுத்தது, பிடிஎஃபில் எண் இரண்டு வரியாக மடிந்திருந்தால் நடுவில் ஓர் இடைவெளியோ கோடோ புகுந்திருக்கும். வேர்டு தானாகவே சின்னக் கோட்டை நீளக் கோடாக மாற்றியிருக்கவும் கூடும்; கண்ணுக்கு ஒன்று போலத் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு. ஸ்கேன் செய்த பட்டியல் என்றால் பூஜ்யமும் ‘ஓ’வும், ஒன்றும் ‘எல்’லும் இடம் மாறியிருக்கும். இவ்வளவும் பார்த்தும் திறக்காவிட்டால் இதழ்க் கட்டுரைகளுக்கு டிஓஐ பதியும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலில் தலைப்பைப் போட்டு எண்ணைச் சரிபாருங்கள். கிராஸ்ரெஃபில் இல்லை என்பதற்காகப் பொய் எண் என்று முடிவு கட்ட வேண்டாம். தரவுத் தொகுப்புகளுக்கு டேட்டாசைட் என்ற வேறோர் அமைப்பு எண் கொடுக்கிறது. டிஓஐ.ஆர்க்கிலும் திறக்காமல், தலைப்பிலும் அகப்படாமல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: தட்டோன் பக்கம் உளுந்து போடுகிறோம். இலை மஞ்சளாகிப் பூக்காமல் போகிறது. இது பற்றி ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று தேடினால் சமையல் குறிப்புதான் வருகிறது. எந்த வார்த்தை போட்டுத் தேட வேண்டும்?
— விவசாயி மகன், தட்டோன்

பதில்: தம்பி, பயிருக்கு அறிவியல் பெயர் ஒன்று இருக்கிறது, தேடலுக்கு அதுதான் சாவி. உளுந்து ‘விக்னா முங்கோ’, பாசிப்பயறு ‘விக்னா ரேடியாட்டா’. கடையில் மட்பே, பெடீசெய்ன் என்று பிரித்துச் சொல்கிறோமே, அதே பிரிவுதான். ஆனால் ஆங்கிலத்தில் ‘கிராம்’ என்று முடியும் பொதுப்பெயர்கள் குழப்பும். ‘பிளாக் கிராம்’ உளுந்து, ‘கிரீன் கிராம்’ பாசிப்பயறு, வெறும் ‘கிராம்’ என்றால் கொண்டைக்கடலை. நீங்கள் சொல்லும் அடையாளம் மஞ்சள் தேமல் நோயாக இருக்கலாம். அது ஒரு வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது. ஆகவே பயிரின் அறிவியல் பெயரோடு ‘யெல்லோ மொசைக்’ என்றும், வெள்ளை ஈக்கு ‘பெமிசியா டபாசி’ என்றும் சேர்த்துத் தேடுங்கள். இலையைப் பார்க்காமல் நோய் இதுதான் என்று நாங்கள் சொல்ல முடியாது. படம் எடுத்து வட்டார விவசாய அலுவலகத்தில் காட்டுங்கள்.

நாட்டின் பெயரைச் சேர்க்கும்போது மியான்மர், பர்மா இரண்டையும் நடுவில் ‘ஆர்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் வைத்துத் தேட வேண்டும். 1989-இல் பெயர்கள் மாறின. அதற்கு முந்தைய கட்டுரைகளில் பெகு, மோல்மீன், ரங்கூன் என்றும், பிந்தையவற்றில் பகோ, மாவ்லமியாயின், யாங்கோன் என்றும் இருக்கும். ஒரு பெயரை மட்டும் போட்டால் அரைப்பங்கு கண்ணிலேயே படாது. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கட்டுரைகளுக்கு மெரல் தளத்தையும் பாருங்கள்.

கேள்வி: பர்மியப் பெயர்களைத் துணைநூல் பட்டியலில் எப்படி எழுதுவது? மேல்நாட்டு முறைப்படி கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக முன்னால் போடச் சொல்கிறார்கள். அதுபோல, பதிவு அட்டையில் எனக்குப் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். கட்டுரையில் எதைப் போடுவது?
— விரிவுரையாளர், ரங்கூன்

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்கு மகிழ்ச்சி. நம் நாட்டு ஆய்வாளர்களின் உழைப்பு காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மூன்று சொல் இருந்தாலும் மூன்றும் சேர்ந்துதான் ஒரு பெயர். ஊ, டோ, கோ, மா என்பவை மரியாதைச் சொற்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக 1961 முதல் 1971 வரை இருந்தவரை உலகம் ‘ஊ தாண்ட்’ என்று சொல்கிறது. அவர் பெயர் தாண்ட் மட்டும்தான். ‘ஊ’வை முதல் பெயரின் தலையெழுத்தாக எண்ணி ‘தாண்ட், ஊ.’ என்று எழுதினால் தமிழில் ‘கந்தசாமி, திரு.’ என்று எழுதியது போல ஆகும். ஆகவே மரியாதைச் சொல்லை விட்டுவிட்டு, பெயரை முழுதாக, காற்புள்ளி இல்லாமல், முதல் சொல்லின் அகரவரிசையில் வையுங்கள். சிகாகோ எழுத்துநடைக் கையேடும் இப்படித்தான் வரிசைப்படுத்தச் சொல்கிறது. ஆனால் ‘மா’, ‘மவுங்’ போன்றவை சிலருக்குப் பெயரிலேயே பகுதி. கரேன்களின் சோ, நோ, ஷான்களின் சாய், நாங், மோன்களின் நாய், மி ஆகியவற்றையும் ஆசிரியர் கட்டுரையில் அச்சிட்டிருந்தால் நீங்களாக வெட்ட வேண்டாம்.

துணைநூல் பட்டியல் தயாரிக்கும் சோட்டெரோ மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஆசிரியர் பெயர்க் கட்டத்தின் வலப்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. இரண்டு கட்டத்தை ஒரே கட்டமாக மாற்றும். பர்மியப் பெயரை அந்த ஒற்றைக் கட்டத்தில் போட்டால் மென்பொருள் அதைத் திருப்பிப் போடாது. வேர்டின் மேற்கோள் பெட்டியில் ‘கார்ப்பரேட் ஆத்தர்’ கட்டத்தில் எழுதுங்கள். லேடெக்ஸ் என்றால் பெயரை இரட்டை நெளிவு அடைப்புக்குள் வையுங்கள்.

மருத்துவக் கட்டுரைக்கு மட்டும் எங்கள் ஆலோசனை வேறு. பப்மெட் ஏற்கெனவே ‘கின் மவுங் வின்’ என்பதை ‘வின் கே எம்’ என்று பதிந்துவிட்டிருந்தால், மருத்துவ இதழ்கள் பின்பற்றும் வான்கூவர் முறைப் பட்டியலில் அப்படியே விடுங்கள். பெயர் தவறுதான். ஆனாலும் உங்கள் வாசகர் அந்தக் கட்டுரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தப் பதிவு அந்த உருவத்தில்தான் கிடைக்கும். உங்கள் சொந்தக் கட்டுரையில், உடல் பகுதியில், பெயரை முழுதாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயரில் வேறு சிக்கல். ‘ரா. முருகன்’ என்றால் ராமசாமி மகன் முருகன். தலையெழுத்தோடு எழுதும்வரை ‘முருகன், ரா.’ என்று சரியாகவே வந்து சேரும். பாஸ்போர்ட்டுக்காக விரித்து ‘முருகன் ராமசாமி’ என்று எழுதிய நாளிலிருந்து, மேற்கோள் எல்லாம் ‘ராமசாமி, எம்.’ என்று அப்பா கணக்கில் ஏறும். திருமணத்துக்குப் பின் தலையெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களின் கட்டுரைகள் இரண்டு ஆட்களின் கட்டுரைகளாகப் பிரிந்துபோகும்.

உங்களுக்கு: ஏதாவது ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, எழுத்துக்கூட்டல் மாறாமல் கடைசிவரை அதையே போடுங்கள். எந்தப் பெயர் என்பது உங்கள் விருப்பம். பட்டச் சான்றிதழில் உள்ள பெயரைப் போட்டால் பின்னால் நிரூபிப்பது எளிது. கூடவே ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண் ஒன்று வாங்குங்கள். இலவசம்தான், மின்னஞ்சல் இருந்தால் சில நிமிடத்தில் கிடைக்கும். 16 இலக்க எண், நான்கு நான்காகப் பிரித்து எழுதுவார்கள். கடைசி இடம் சரிபார்ப்புக்கானது, அங்கே ‘எக்ஸ்’ வந்தாலும் பிழையென்று நினைக்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் ‘ஆல்சோ நோன் ஆஸ்’ என்ற இடத்தில் பர்மியப் பெயர், தமிழ்ப் பெயர், பழைய எழுத்துக்கூட்டல் எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். கட்டுரை சமர்ப்பிக்கும்போதே எண்ணைக் கொடுங்கள்.

கேள்வி: கல்லூரி மலரில் வந்த பர்மியக் கட்டுரைகளின் பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைப்பதில்லை. கண்ணெதிரே இருக்கிறது! பழைய தமிழ்ப் பிடிஎஃபிலும் இதே கதை. மேற்கோளை காப்பி செய்தால் குப்பையாக வருகிறது.
— நூலக உதவியாளர், பெகு

பதில்: எழுத்துரு வேறு, குறியீடு வேறு. திரையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொல், உள்ளே வேறு வேறு எண்களாக இருக்கலாம். மியான்மரில் ஜோஜி முறை நெடுங்காலம் புழங்கியது. 2019 அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்து நாடு யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்தைய கோப்பு என்றால் ஜோஜியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லி விளக்குவது எளிது. ‘கெ’ என்ற எழுத்தைப் பாருங்கள். கையால் எழுதும்போது கொம்பு முதலில், ‘க’ பிறகு. டைப்ரைட்டரிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் அடிப்பதும் சேமிப்பதும் அதே வரிசைதான். யூனிகோடில் ‘க’ முதலில், கொம்பு பின்னால்; திரையில் வரையும்போதுதான் கொம்பு முன்னால் போகும். பர்மிய எழுத்திலும் மெய்க்கு முன்னால் நிற்கும் ஒரு கொம்பு உண்டல்லவா? ஜோஜியில் அது முன்னாலேயே சேமிக்கப்படும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். நீங்கள் யூனிகோடில் அடித்துத் தேடுகிறீர்கள், கோப்பில் ஜோஜி வரிசை இருக்கிறது. எப்படிப் பொருந்தும்?

தேடும் சொல்லை ராபிட் போன்ற மாற்றியில் ஜோஜியாக மாற்றி ஒரு முறை, யூனிகோடிலேயே ஒரு முறை என்று இரண்டு தடவை தேடுங்கள். தமிழுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் உண்டு. கோப்பு பாமினியா, டாப்-பா என்று தெரியாவிட்டால் பிடிஎஃப் ரீடரில் கோப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள், பெயர் அங்கே இருக்கும். அங்கே எழுத்துருவே இல்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். எழுத்துணரி மென்பொருள் ஓட்டாமல் தேட முடியாது. மேற்கோளை மாற்றிய பிறகு மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தமிழில் ஒகரமும் ஔகாரமும், பர்மியத்தில் மெய்யடுக்குகளும் மாற்றத்தில் சிதையும்.

பெகு நூலகத்துக்கு ஒரு வேண்டுகோள்: இனி மலரை வெளியிடும்போது யூனிகோடில் ஏற்றுங்கள். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் ஆங்கில எழுத்திலும் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியால்தான் ஸ்காலரில் அது அகப்படும்.

கேள்வி: என் கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழில் வந்திருக்கிறது. மாணவர்களின் வைபர் குழுவில் பிடிஎஃப் போடலாமா? ரிசர்ச்கேட்டில் ஏற்றலாமா? நான் எழுதியதுதானே?
— ஆசிரியை, மாண்டலே

பதில்: எழுதியவர் நீங்கள்தான் டீச்சர். ஆனால் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் உரிமையைப் பதிப்பகத்துக்குக் கொடுத்திருப்பீர்கள். முதலில் அந்தத் தாளைத் தேடி எடுங்கள்.

ஒரு கட்டுரைக்கு மூன்று உருவம் உண்டு. இதழுக்கு அனுப்பும் முன் நீங்கள் எழுதியது முன்பதிப்பு. நடுவர்கள் கேட்ட திருத்தங்களைச் செய்து, இதழ் ஏற்றுக்கொண்ட உங்கள் வேர்டு கோப்பு இரண்டாவது. பதிப்பகம் பக்கம் கட்டி, சின்னம் போட்டு, பக்க எண் கொடுத்தது மூன்றாவது. முன்பதிப்பை எங்கும் போட பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. இரண்டாவதைக் களஞ்சியத்தில் போட பல பதிப்பகங்கள் 6 முதல் 24 மாதம்வரை காக்கச் சொல்கின்றன. மூன்றாவதை, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்திருந்தாலொழிய, பொதுவில் ஏற்றக் கூடாது. உங்கள் இதழின் விதி என்ன என்பதை ஷெர்பா ரோமியோவில் இதழ்ப் பெயர் போட்டுப் பார்க்கலாம்; இப்போது அது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இருக்கிறது.

ரிசர்ச்கேட்டில் மூன்றாவது உருவத்தை ஏற்றிப் பின்னால் நீக்கச்சொல்லிக் கடிதம் வாங்கியவர்கள் ஏராளம். அந்தத் தளத்தின் மேல் இரண்டு பெரிய பதிப்பகங்கள் வழக்கே போட்டன. அங்கே கோப்பைப் பொதுவில் போடாமல், கேட்கிறவருக்குத் தனியாக அனுப்பும் வசதி உண்டு, அது போதும்.

மாணவர்களுக்கு வைபரில் டிஓஐ லிங்கை அனுப்புங்கள். பதிப்பகம் உங்களுக்குத் தந்த பகிர்வு லிங்கும் மின்னஞ்சலில் கிடக்கும், தேடிப் பாருங்கள். எல்செவியர் தருவது 50 நாள் யாரும் திறக்கலாம். டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் தருவது 50 பேர்வரை. ஸ்பிரிங்கர் நேச்சரின் ஷேர்ட்இட் லிங்கில் படிக்கலாம், இறக்க முடியாது. நிரந்தரமாக இருக்க வேண்டும் என்றால், காத்திருப்புக் காலம் முடிந்ததும் உங்கள் வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி மெரலிலோ செனோடோ என்ற இலவசக் களஞ்சியத்திலோ ஏற்றுங்கள். முதல் பக்கத்தில் ‘இது ஏற்கப்பட்ட பிரதி, பதிப்பித்த வடிவம் இங்கே’ என்று டிஓஐயோடு எழுத மறக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் கோயில் சங்க மலருக்காகச் சர்க்கரை நோய் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க ஆசை. இலவசமாகத்தான் இணையத்தில் இருக்கிறது. அனுமதி வேண்டுமா?
— சங்கச் செயலாளர், மோல்மீன்

பதில்: இலவசமாகப் படிக்க விடுவது வேறு, எடுத்தாள உரிமை தருவது வேறு. கட்டுரையின் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் சிசி என்று தொடங்கும் குறியைத் தேடுங்கள். ‘சிசி பை’ என்றால் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழ், டிஓஐ, உரிமத்தின் பெயர், ‘இது தமிழாக்கம், மூல ஆசிரியர் சரிபார்க்கவில்லை’ என்ற வரி ஆகியவை இருக்க வேண்டும். குறியில் ‘என்டி’ என்ற எழுத்துகள் இருந்தால் மொழிபெயர்த்து வெளியிட அனுமதி இல்லை. ‘என்சி’ இருந்தால் வணிக நோக்கம் கூடாது. மலரில் விளம்பரமும் விலையும் உண்டு என்றால் ஆசிரியரிடமும் பதிப்பகத்திடமும் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

எந்தக் குறியும் இல்லாவிட்டால் மொழிபெயர்க்காதீர்கள். ஆனால் கட்டுரை கண்டுபிடித்த உண்மைக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. படித்து, உங்கள் சொந்த வார்த்தையில் எழுதி, எங்கிருந்து எடுத்தது என்று சொல்லலாம். அட்டவணையையும் படத்தையும் மட்டும் அப்படியே எடுக்கக் கூடாது. மருந்தளவு வரும் இடத்தை ஒரு மருத்துவரிடம் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். முன்பதிப்பாக மட்டும் இருக்கும் மருத்துவக் கட்டுரையை மலருக்கு எடுக்கவே வேண்டாம். நடுவர்கள் இன்னும் பார்க்கவில்லை.

கேள்வி: சாட்ஜிபிடியிடம் கேட்டு 12 கட்டுரை வாங்கினேன். என் கைடு ‘இதில் பாதி இல்லவே இல்லை’ என்கிறார். எப்படிக் கண்டுபிடித்தார்?
— எம்.ஏ. மாணவர், ரங்கூன்

பதில்: அது உண்மையான ஆசிரியர் பெயரையும் உண்மையான இதழையும் எடுத்து, இல்லாத தலைப்போடு கோர்த்துவிடும். அதனால்தான் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. டிஓஐயைத் திறந்தால் சம்பந்தமில்லாத வேறு கட்டுரை வரும், அல்லது ஒன்றும் வராது. தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் பூஜ்யம். மூன்றாவது சோதனை தொகுதி எண். பர்மா ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ் 1911-இல் முதல் தொகுதி. ஆண்டுக்கு ஒன்று என்று வந்து, 1939-இல் 29-ஆம் தொகுதி. ‘தொகுதி 45, 1930’ என்று யாராவது கொடுத்தால் கணக்கே உதைக்கும்.

இருக்கும் கட்டுரையையும் சோதிக்க வேண்டும். அம்மை தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று எண்ணவைத்த 1998-ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010 பிப்ரவரியில் இதழே அதைத் திரும்பப் பெற்றது. 2009-இல் யாரோ இறக்கிவைத்த பிடிஎஃபில் அந்த முத்திரை எப்படி இருக்கும்? கைமாறி வந்த பிடிஎஃபை நம்பாமல் டிஓஐ வழியாக இதழின் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். சோட்டெரோவில் சேர்த்திருந்தால், இணையத்தோடு இணையும்போது திரும்பப் பெற்ற கட்டுரைக்குச் சிவப்பு எச்சரிக்கை தானாக வரும். ‘ரிட்ராக்ஷன் வாட்ச்’ பட்டியலை 2023-இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லாருக்கும் திறந்துவிட்டது. அதிலிருந்துதான் இந்தத் தகவல் வருகிறது.

கேள்வி: ‘உங்கள் கட்டுரையை 5 நாளில் வெளியிடுகிறோம், 200 டாலர்’ என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்பலாமா?
— முனைவர் பட்ட மாணவி, ரங்கூன்

பதில்: அனுப்ப வேண்டாம் அம்மா. நடுவர் பார்த்துத் திருத்தம் வாங்க 5 நாள் போதாது. அந்த இதழின் ஐஎஸ்எஸ்என் எண்ணை, 8 இலக்கம், ஐஎஸ்எஸ்என் போர்ட்டலில் போட்டுப் பாருங்கள்; யாரும் இலவசமாகப் படிக்கும் திறந்த இதழ்களின் டிஓஏஜே பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். பழைய இதழ் ஒன்றிலிருந்து ஒரு கட்டுரையின் டிஓஐயை எடுத்துத் திறந்து பாருங்கள். பதியாத எண்ணை அலங்காரத்துக்கு அச்சிடும் இதழ்கள் உண்டு. நல்ல இதழின் பெயரையே திருடிப் போலித் தளம் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மின்னஞ்சலில் வந்த லிங்க் வழியாகப் போகாமல், ஐஎஸ்எஸ்என் பதிவில் உள்ள முகவரிக்குப் போங்கள்.

கட்டணம் கேட்கும் எல்லா இதழும் மோசமில்லை. ஆனால் நல்ல திறந்த இதழ்கள் பல, ரிசர்ச்ஃபோர்லைஃப் ‘ஏ’ பிரிவு நாட்டு ஆசிரியர்களுக்குக் கட்டணத்தை முழுதாகத் தள்ளுபடி செய்கின்றன. சிலவற்றில் தொடர்பு ஆசிரியர் மட்டும் அந்த நாட்டவராக இருந்தால் போதும், சிலவற்றில் எல்லா ஆசிரியர்களும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கைடின் பெயரைச் சேர்க்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். சமர்ப்பிக்கும் படிவத்திலேயே தள்ளுபடி கேட்கும் கட்டம் இருக்கும். அப்போதே கேட்க வேண்டும்; கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கேட்டால் பல இதழ்கள் ஒப்புக்கொள்வதில்லை.